நமகோராவின் வெள்ளிப் பூச்சு

இசாமு கை கழுவும் சத்தத்தைக் கேட்டே அன்றைக்கு எத்தனை நோயாளிகள் வந்தார்கள் என்று சுமியே சொல்லிவிடுவாள். ஆள் கூடக் கூட சோப்பும் கூடும். முழங்கை வரை தேய்ப்பார். விரல் இடுக்குகளில் தேய்ப்பார். நகத்துக்கடியில் சின்னப் பிரஷ் போடுவார். பகல் முழுக்க ஊராரின் தோளிலும் இடுப்பிலும் அழுத்திச் சேர்த்த வியர்வை மாடியிலிருக்கும் பூதங்கள்மேல் படக்கூடாது. துண்டில் துடைத்தபின் இரண்டு கைகளையும் தூக்கிப் பிடித்து உலரவிடுவார். அறுவை சிகிச்சைக்குப் போகிற டாக்டர் மாதிரி இருக்கும். பிறகு பதின்மூன்று படிகள்.

மாடியில் ஆறு பாய் அகலத்தில் ஓர் அறை. மூன்று சுவர்களிலும் அலமாரி. அதில் நூற்று அறுபத்து மூன்று பூதங்கள். எல்லாம் நாற்பது வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகள் விளையாடுவதற்காக வளையும் வினைலில் வார்த்து, கையும் காலும் திரும்பும்படி செருகி, மேலே இரண்டு மூன்று நிறம் அடித்து விற்ற பொம்மைகள். பாதிக்கு மேல் இதே கட்சுஷிகா வட்டாரத்துச் சந்துகளில் பிறந்தவை. ஒவ்வொன்றின் காலிலும் நூலில் கட்டிய ஒரு அட்டை தொங்கும். அட்டையில் எழுத்து இருக்காது. பிரெய்ல் புள்ளிகள் இருக்கும்.

இசாமுவுக்குப் பத்து வயதில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி இரண்டு கண்ணும் போயின. அதற்கு முந்தைய வருஷம் முழுக்க, புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் பூதத் தொடர் வந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். எந்தப் பூதத்துக்கு என்ன நிறம் என்பது பொம்மைக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால்தான் அவருக்குத் தெரிந்தது. கடல் அட்டையிலிருந்து பெருத்து வந்த நமகோராவுக்கு நெஞ்சில் வெள்ளி நிறம் என்று கண்டுபிடித்தது அங்கேதான். பெட்டியில் அது வெறும் சாம்பல். கடைசியாகத் தெளிவாகப் பார்த்தது எதை என்று யாராவது கேட்டால் அம்மாவின் முகத்தை என்பார். கேட்டவர் போனபின் சுமியேவிடம், "அது அவங்க மனசு நோகக்கூடாதுன்னு சொன்னது. நெசத்துல நமகோராதான்" என்பார்.

பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அமுக்கு வைத்தியத்துக்கும், வலிக்கிற இடத்தில் மெல்லிய ஊசிகளைக் குத்தி நிறுத்தும் ஊசி வைத்தியத்துக்கும் அரசு உரிமம் வாங்கி, தத்தேய்ஷி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சந்தில் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே தொழில் வைத்தார். சுமியே அங்கே வந்தது நோயாளியாக இல்லை, நோயாளியின் மகளாக. அவள் அம்மா வீட்டிலிருந்தபடியே பொம்மைத் தொழிற்சாலைக்கு நிறம் அடித்துக் கொடுத்தவள். ஸ்பிரே துப்பாக்கி பிடித்துப் பிடித்து வலது தோள் தூக்க முடியாமல் போயிருந்தது. என்ன வேலையில் இப்படி ஆயிற்று என்று இசாமு கேட்டார். பூதங்களுக்கு நிறம் அடிக்கிற வேலை, இவள் ஒன்பது வயதிலிருந்து அதுகளுக்குக் கண்மணிப் பொட்டு வைக்கிறாள் என்று அம்மா சொன்னதும், அழுத்திக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. கல்யாணத்தன்று, இசாமுவை மரியாதையாக சென்செய் என்று கூப்பிடும் நண்பர் மகாபே இதை வைத்துத்தான் சபையைச் சிரிக்கவைத்தார். "சென்செய் பொண்ணு பார்க்கல. பெயிண்ட்காரியத் தேடிப் புடிச்சிட்டாரு."

மகாபே இரண்டு ஸ்டேஷன் தள்ளிப் பழைய பொம்மைக் கடை வைத்திருந்தவர். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், ஒன்றுவிட்டு ஒரு வியாழக்கிழமை ஊசி போட்டுக்கொள்ள வருவார். படியேற முடியாததால் மாடிக்கு வந்ததேயில்லை. வரும்போது பையில் இரண்டு மூன்று பொம்மைகளைக் கொண்டுவந்து இசாமுவின் மடியில் போடுவார். அசலா, பிற்பாடு பழைய அச்சில் திரும்ப ஊற்றியதா என்று கேட்பார். உள்ளங்கால் முத்திரையின் ஆழம், இணைப்புக் கோட்டின் தடிமன், கழுத்து வளையத்தின் இறுக்கம் என்று இசாமுவின் விரல் ஊர்ந்துபோகும். "கண்ணு இருக்கறவனெல்லாம் ஏமாந்துட்டு வர்றான். சென்செய் விரல ஏமாத்த ஒருத்தன் பொறக்கணும்" என்று மகாபே ஊரெல்லாம் சொல்லுவார்.

ஆனால் விரலுக்கு நிறம் தெரியாது. அது சுமியேவின் வேலை. புதிதாக ஒரு பூதம் வீட்டுக்கு வந்தால், குளித்துச் சாப்பிட்டுவிட்டு இருவரும் மாடியில் எதிரெதிரே உட்காருவார்கள். அவள் பார்ப்பாள். அவர் கேட்பார்.

"முதுகு?"

"சிவப்புங்க."

"எந்தச் சிவப்பு? தபால்பெட்டியா, உப்புல ஊறின பிளம்மா?"

"ரயில்வே கேட் விளக்கு. எரியாதப்ப மங்கலா இருக்குமே, அந்தச் சிவப்பு."

அவர் தலையைக் கொஞ்சம் சாய்ப்பார். உள்ளே எங்கேயோ தேடி எடுக்கிற மாதிரி முகம் இருக்கும். பிறகு "ம்" என்பார். அட்டையில் புள்ளி குத்துவார். அந்த "ம்" வருகிறவரை சுமியே ஒப்புமை மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். சில பச்சைகளுக்கு ஒரு வாரம் ஆகியிருக்கிறது. வெளியில் போகும்போதெல்லாம், மீன் கடையிலும் கோயில் வாசலிலும், எதற்காவது உதவுமே என்று நிறங்களைப் பார்த்து வைத்துக்கொள்வது அவளுக்கு வழக்கமாகிப்போனது.

தினமும் வரிசைப்படி ஆறு பூதங்களை எடுப்பார். ஒரு மாதத்துக்குள் எல்லாம் ஒருமுறை கைக்கு வந்து போகும். நமகோரா மட்டும் தினமும் உண்டு, கடைசியில். அதை மடியில் வைத்து, இரண்டு கட்டைவிரல்களையும் நெஞ்சில் பதித்து, அப்படியே உட்கார்ந்திருப்பார். மனிதர்களின் முதுகெலும்பைப் பிரித்துப் பிரித்து அறிந்த கட்டைவிரல்கள் அவை. சும்மா வைத்திருக்கத் தெரியாது.

கல்யாணமாகி எட்டாவது வருஷம் இசாமுவின் அம்மா இறந்தாள். நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்த வாரத்தில், அலமாரித் தூசியைத் தட்டும்போது சுமியே அதைப் பார்த்தாள். நமகோராவின் நெஞ்சில் வெள்ளியை நடுவே கிழித்துக்கொண்டு இரண்டு நீளவட்டங்கள் தெரிந்தன. வினைலின் சொந்தத் தோல் நிறம். கட்டைவிரல் அளவு.

விரல் இரண்டு பொருள்களுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தை அறியும். தனக்கடியிலேயே தினமும் மயிரிழை மயிரிழையாகப் போவதை அறியாது. அன்று சாயங்காலமே சொல்லிவிட நினைத்துத்தான் அவள் மாடிக்குப் போனாள். இசாமு அன்று கோயிலுக்குப் போட்டுப்போன துக்கத்துக் கறுப்பு உடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். நமகோரா மடியில் இருந்தது.

"வெள்ளி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இருக்குங்க" என்றாள்.

அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அடுத்த வாரம் அவர் மறுபடி கேட்டார். போன வாரம் இருந்தது இந்த வாரம் எப்படி இல்லாமல் போகும். வெள்ளி முழுக்கப் போவதற்குள் மற்றவற்றிலும் போக ஆரம்பித்தது. உச்சந்தலைகள், மூக்குகள், வால் நுனிகள், விரல் ஆசையோடு போகிற இடமெல்லாம். அவர் அட்டையைத் தடவிப் படித்து, "இலைப்பச்சைன்னு போட்டிருக்கு" என்பார். "ஆமாங்க, இலைப்பச்சை" என்பாள். அவள் முன்பு சொல்லி அவர் குத்தி வைத்ததை இப்போது அவர் படிக்க, அவள் ஆமாம் போட்டாள். கையில் இருந்ததோ சவரம் செய்த கன்னம் மாதிரி வழுவழுவென்று ஒரு வெளிறிய பொம்மை. இப்படிப் பதினான்கு வருஷம் போயிற்று.

தொடர் வந்து நாற்பதாவது வருஷம் என்று சேகரிப்பாளர்கள் வட்டார மன்றத்தில் கண்காட்சி வைக்கத் தீர்மானித்தார்கள். மகாபேதான் அதற்கு ஓடியாடியவர். முழங்காலில் ஊசிகள் நிற்க, படுத்தபடியே பேச்சை எடுத்தார்.

"சென்செய், உங்க நமகோராவ அஞ்சு நாளைக்கு அனுப்பி வைங்க. பெத்த பொண்ணு மாதிரி பார்த்துக்கறேன்."

"நீ பெத்த பொண்ணு மூணு தடவ புருஷன் வீட்டுலருந்து திரும்பி வந்துட்டா. என் நமகோராவாவது ஒழுங்கா இருக்கட்டும்."

"அவ திரும்பி வந்தான்னா, அவ அம்மாகிட்டருந்து வந்த வாயி அப்படி. உங்களுது வாய் பேசாது." மகாபே சிரித்தார். பிறகு குரல் மாறிச் சொன்னார். முதல் வார்ப்பு நமகோரா ஊரறிய மூன்றுதான். ஒன்று ஒசாகாவில், அதன் நெஞ்சு வெடித்துப் போய்விட்டது. இன்னொன்றை யாரோ டாக்டர் வீட்டு வாரிசுகள் பெட்டியை விட்டு எடுப்பதில்லை. வெள்ளி முழுசாக இருப்பது சென்செய் வீட்டில்தான் என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் சென்செய் பெயர்.

இசாமு எதையும் வீட்டை விட்டு அனுப்பியவர் இல்லை. சுமியே தேநீர்த் தட்டோடு வாசலில் நின்று, இப்போது மாட்டேன் என்பார் என்று காத்திருந்தாள். அவர் ஊசியை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே, கண்ணாடிப் பெட்டியில் எந்த உயரத்தில் வைப்பார்கள் என்று கேட்டார். பத்து வயதுப் பையன் நின்றால் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும் என்றார். அடுத்த வியாழக்கிழமை பெட்டியோடு வருவதாக மகாபே கிளம்பினார்.

ஒரு வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சுமியே சொல்ல வாயெடுத்தாள், நோயாளி வந்துவிட்டார். சனிக்கிழமை யாரும் வரவில்லை, அப்போதும் சொல்லவில்லை. மகாபேவிடம் தனியாகச் சொன்னாலென்ன என்று யோசித்தாள். மகாபே நல்லவர்தான், ஆனால் ஓட்டை வாய். ஞாயிற்றுக்கிழமை சோறு சாப்பிடும்போது இசாமு, கண்காட்சிக்குக் கடைசி நாள் தானும் போய், ஜனங்கள் நமகோராவைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கூட்டத்தில் நின்று கேட்கப்போவதாகச் சொன்னார். சுமியே சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

திங்கட்கிழமை முற்பகல், கீழே மூன்று நோயாளிகள் வரிசையில் இருக்கும் நேரம், ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வெள்ளி ஸ்பிரே வாங்கி வந்தாள். துணி காயப்போடும் மேல்தட்டுக்கு நமகோராவை எடுத்துப் போனாள். நெஞ்சை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் பழந்துணியால் சுற்றினாள். கெட்டி அட்டையில் நெஞ்சின் வடிவத்தை வெட்டி, ஓரம் படியும்படி நனைத்து வளைத்துப் பொருத்தினாள். தூரத்திலிருந்து, குளிர்காலத்தில் கண்ணாடிமேல் மூச்சு விடுகிற மாதிரி அடிக்க வேண்டும் என்று அம்மா சொல்லுவாள். அடித்தாள். முப்பது வருஷத்துக்கு அப்பாலிருந்து கை தானாக வந்தது. அட்டையை எடுத்ததும் நமகோரா கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மாதிரியே இருந்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதினான்கு வருஷம் சொல்லிவந்த சொல் அன்றைக்குத்தான் நிஜமாயிற்று.

கண்காட்சிக்குப் போகிறதே என்று சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டிக் காயவைத்திருப்பதாகச் சொல்லி இரண்டு நாள் அவர் கைக்குக் கொடுக்காமல் வைத்தாள். புதன்கிழமை மூக்கை வைத்துப் பார்த்தாள். அவளுக்கு வாடை எதுவும் தெரியவில்லை.

புதன் சாயங்காலம் இசாமு வழக்கத்தைவிட நேரமெடுத்துக் கை கழுவினார். மாடிக்கு வந்து உட்கார்ந்து கைகளை நீட்டினார். அவள் நமகோராவை வைத்தாள். இரண்டு கட்டைவிரல்களும் நெஞ்சுக்குப் போயின. நின்றன. நகத்தால் ஓரத்தை ஒருமுறை வருடினார். மூக்குக்குக் கொண்டுபோனார்.

"இது நம்மளுது இல்ல."

சுமியே பாயில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளினாள்.

"யாரோ மாத்திட்டாங்க. நான் இல்லாதப்ப மகாபே வந்தானா?"

ஒரு மூச்சு நேரம் அவள் அதையும் யோசித்தாள். ஆமாம் என்றால் போதும். இருபத்திரண்டு வருஷப் பழக்கமும் போய், பழி மகாபேவின் தலையில் விழும். அதற்குள் இசாமு பொம்மையைக் கவிழ்த்து உள்ளங்கால் முத்திரையைத் தேடினார். பிறகு இடது கொம்பின் உட்புறத்தில், அச்சு பிரியும்போது விட்ட பிசிறைத் தேடினார். அது அங்கே இருந்தது.

"நம்மளுதுதான்" என்றார். "மேல என்ன இருக்கு, சுமியே?"

"பெயிண்ட்."

"யாரு அடிச்சது?"

"நான்தாங்க."

"எதுக்கு மேல அடிச்சே?"

"எதுக்கு மேலயும் இல்லைங்க. அங்க ஒண்ணும் இல்ல."

"எப்பலருந்து?"

"அத்தைக்கு நாப்பத்தொம்பது முடிஞ்ச வாரத்துலருந்து."

அவர் விரலை மடக்கி எண்ணியதை அவள் பார்த்தாள். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. கையை எட்டி அலமாரியிலிருந்து அடுத்ததை எடுத்தார். இது, என்றார். முதுகில் சிவப்பு இருந்தது, இப்போது செதிலுக்கு நடுவில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். இது? கண் இரண்டும் போய்விட்டன. இது? வால் முழுக்கப் போய்விட்டது, அக்குளில் மட்டும் பச்சை இருக்கிறது. கேள்விக்கு மேல் கேள்வியாக நாற்பது பூதங்கள் பாயில் இறங்கின. கீழே சோறு ஆறிக்கொண்டிருந்தது. நாற்பத்தொன்றாவதைத் தொட்டவர் எடுக்காமல் கையை இழுத்துக்கொண்டார்.

"பெயிண்ட் போனதுக்கு உன்னைச் சொல்ல முடியாது. அது நான் தேச்சது" என்றார். "நான் கேக்கறது வேற. போன வாரம் இத மடியில வச்சுக்கிட்டு ஒரு வெள்ளியப் பார்த்தேனே. அது என்னது?"

சுமியே பாயில் கிடந்த பூதங்களை ஒவ்வொன்றாக அலமாரியில் ஏற்றினாள்.

மறுநாள் மகாபே பஞ்சு வைத்த மரப்பெட்டியோடு வந்தார். இசாமு அவரைப் படுக்கச் சொல்லவில்லை. நமகோராவை எடுத்து நீட்டி, நெஞ்சில் என்ன இருக்கிறது, கொஞ்சம் பார்த்துச் சொல் என்றார். மகாபே நாற்பது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். ஒரு பார்வை போதும். அந்த ஒரு பார்வைக்குப் பின் அவர் சுமியேவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"வெள்ளிதான் சென்செய். பிரமாதமா இருக்கு."

"பழசா?"

"பழசுதான். பின்ன?"

பிறகு மகாபேவுக்கு ஞாபகம் வந்தது. நடுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு சரியில்லையாம். இவ்வளவு அரிய பொருளை அங்கே வைப்பது சரியில்லை, அடுத்த வருஷம் ஜோராகச் செய்துவிடலாம் என்றார். தேநீர் குடிக்காமல், ஊசியும் போட்டுக்கொள்ளாமல், காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அவர் நொண்டும் சத்தம் சந்து முனை வரை கேட்டது. இசாமு அது தேயும்வரை கேட்டுவிட்டு, "அவனுக்கும் எம்மேல எரக்கம் வந்துடுச்சு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மாடிக்குப் போகவில்லை. ஏழெட்டுப் பூதங்களைக் கீழே கொண்டுவரச் சொல்லி, ஊசி மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றை எடுத்து நீட்டி, இது என்ன நிறம் என்று கேட்பார். குருட்டு வைத்தியர் ஆசையாகக் கேட்கிறாரே என்று அவர்களும் ஆசையாகச் சொல்லுவார்கள். அழகான பச்சை என்பாள் சோயாக்கட்டிக் கடைக்காரி. பார்சல் கொண்டுவருகிறவன் நல்ல சிவப்பு சார், பளிச்சுனு இருக்கு என்பான், அது தலையிலிருந்து கால் வரை வெளுத்த பொம்மையாக இருக்கும். இசாமு தலையாட்டி நன்றி சொல்லுவார். அவர் யாரையும் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்பார். சுமியே பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருப்பாள். அவளைக் கேட்பதில்லை.

பூதங்களோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காலுறை ஜோடி சேர்கிறதா என்று அவர் அவளைக் கேட்பதை விட்டார். கறுப்பு ஜோடிக்கெல்லாம் உள்பக்கம் முடிச்சுப் போட்டுத் தரும்படி சலவைக்காரரிடம் சொல்லி வைத்தார். மீன் பொன்னிறமாகப் பொரிந்துவிட்டது என்று அவள் சொன்னால், தட்டில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்வார். ஆற்றங்கரையில் பூ பூத்திருக்கிறது, இந்த வருஷம் வெளிர்தான் என்று சொல்லுவாள். "அப்படியா" என்பார். வானொலியில் வேற்று ஊர் வானிலை சொல்லும்போது இருக்கிற முகம்.

மழைக்காலத்தில் அவள் ஒரு வேலை செய்தாள். பூதக்கண்ணாடியை வைத்து நூற்று அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இப்போது எங்கே என்ன மிச்சம் என்று கேசட்டில் பேசிப் பதிவு செய்தாள். மூக்குத் துளைக்குள் ஒரு பொட்டு நீலம். இடது அக்குளில் தீக்குச்சித் தலை அளவு சிவப்பு. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஒன்றுமில்லை என்றாள். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இசாமு ஒரு பக்கம் முழுக்க மரியாதையாகக் கேட்டார். குரல் தெளிவாகப் பதிந்திருக்கிறது என்றார். மறுபக்கம் கேட்கவில்லை.

மறு வருஷக் குளிர்காலத்தில், துணி மாற்றும்போது, அவருடைய கண் வெள்ளையில் மஞ்சள் ஏறியிருப்பதைச் சுமியே பார்த்தாள். முதலில் விளக்கைச் சந்தேகப்பட்டாள். காலையில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் பார்த்தாள். கழுத்திலும் இருந்தது.

"ஏங்க, உங்க கண்ணு மஞ்சளா இருக்கு. ஒடம்புலயும் இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அப்படியா" என்றார்.

அன்றைக்கும் சொன்னாள், மறுநாளும் சொன்னாள். இப்படி மஞ்சளாக இருந்தால் எனக்கு வலி எங்கே என்றார் ஒருநாள். உடம்பு அரிக்கிறதே என்றாள். குளிரில் எல்லாருக்கும்தான் அரிக்கும் என்றார். ஒரு நோயாளியிடம், என் முகம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கிழவர் கவிழ்ந்து படுத்தபடியே, "ஜம்முனு இருக்கீங்க சென்செய், எனக்குத்தான் இடுப்பு போச்சு" என்றார். இசாமு அவர் இடுப்பை அழுத்தினார். சுமியே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கூடப் பார்த்தாள். மல்லுக்கட்டிப் பழக்கமில்லாத வீடு அது. அவர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து அவள் மகாபேவுக்குப் போன் செய்து அழுதாள். ஒரு வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கம் வராத மனிதர் மறுநாள் காலை நொண்டிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"சென்செய், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். அது புதுப் பெயிண்ட்" என்றார். "இன்னைக்கு நெசத்தச் சொல்றேன். நீங்க மஞ்சளா இருக்கீங்க. சட்டையப் போடுங்க."

கணையத்தில் புற்று என்றார்கள். பரவிவிட்டது என்றார்கள். மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் என்று சுமியே கேட்டாள். பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. அவர் உள்ளதைத்தான் சொன்னாரா, அவள்மேல் இரங்கிச் சொன்னாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அந்தப் பக்கம். வலிக்கு மருந்து கூட்டக் கூட இசாமு பேச்சைக் குறைத்துக்கொண்டார். தாதிகளுக்குத் தோள் வலி இருந்தால் கையைக் கொடுக்கச் சொல்லி, படுத்தபடியே கட்டைவிரலால் அழுத்திவிடுவார். அதில் இரண்டு பேர் தினமும் வந்தார்கள். உயிர் போவதற்கு எட்டு நாள் முன்னால் ஒரு பிற்பகல், சுமியே ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எம் முகம் இப்ப என்ன நெறம்?" என்று கேட்டார்.

அறையில் வேறு யாரும் இல்லை. அவளைத்தான் கேட்டார். அவள் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் வெளிச்சத்துக்கு முதுகு காட்டாமல் நின்று பார்த்தாள். அவசரப்படவில்லை.

"நெத்தி, வெயில்ல கெடந்த பழைய செய்தித்தாள் மாதிரி. கன்னத்துல அதுக்குள்ள கொஞ்சம் பச்சை கலந்திருக்கு, பழுக்காத பிளம் தோல்ல வருமே அது. உதடு சாம்பல். கண்ணு ரெண்டும் ஊறுகாய் முள்ளங்கி மஞ்சள். நேத்தைக்கு இன்னிக்கி கூடியிருக்கு."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தேடுகிற அந்த முகம் வந்த மாதிரி இருந்தது. சொட்டு மருந்துப் பையை மாற்றத் தாதி உள்ளே வந்தாள். இசாமு தலையை அந்தப் பக்கம் திருப்பி அவளிடமும் அதையே கேட்டார்.

"நேத்தைக்கு இன்னிக்கி எவ்வளவோ தேவலாம் சென்செய். முகம் நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றாள் தாதி.

அவளுக்கு நன்றி சொன்னார். அவள் காலடிச் சத்தம் தேயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் சொன்னதில் எதை எடுத்துக்கொண்டார் என்று சொல்லுவார் என்று சுமியே காத்திருந்தாள். ஆரஞ்சுச் சுளையை வாயருகே கொண்டுபோனாள். வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொண்டார்.

"ஜன்னல் தெறந்திருக்கா?" என்று கேட்டார்.

"தெறந்துதாங்க இருக்கு."

இசாமு போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தார். ஊசிக் குழாய் இழுபட, ஜன்னல் இருக்கும் பக்கம் மெல்ல நீட்டி, காற்று வருகிறதா என்று விரல்களை விரித்துப் பார்த்தார்.